குழாய் எதுக்கு என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?



இந்தப் பகுதியில் சகோதரிகள் எழுதும் அனுபவங்களை ஒன்று விடாமல் படிப்பவள் நான். இதுவரை சமையல் குறிப்பு தவிர எதுவும் எழுதி அனுப்பியதில்லை. இப்போது எழுதத் தோன்றியதற்குக் காரணம், ஒரே வருஷத்திற்குள் எங்கள் வீட்டில் நடந்த இரண்டு ஆபரேஷன்களும், எதிர்வீட்டில் நடந்த ஒன்றும்தான். மூன்றுமே பித்தப்பைக் கல் ஆபரேஷன். மூன்று பேருமே பெண்கள்.

எனக்கு வயது 36. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். 'டாக்டர் சமாச்சாரத்தில் இவளுக்கு என்ன தெரியும்?' என்று சிலர் நினைக்கலாம். வயிற்றில் நாலு துளையும், விலாப்பக்கம் ஒரு குழாயுமாக மூன்று நாள் படுத்துக் கிடந்தவளுக்குத் தெரிந்ததைத்தான் எழுதுகிறேன்.

கல்யாண வீட்டில் சாப்பிட்டு வந்தால் அன்று ராத்திரி எனக்கு வலது விலாவுக்குக் கீழே பிடித்துக் கொள்ளும். வலி முதுகுக்கும் தோளுக்கும் போகும். வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்தே ஒரு வருஷத்தை ஓட்டினேன். கடைசியில் ஒரு நாள் வாந்தி நிற்காமல் போய், ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் பித்தப்பை நிறையக் கல். கல்லை மட்டும் எடுத்தால் திரும்ப வரும், பையோடு எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். பித்தத்தை உண்டாக்குவது கல்லீரல்தான், அதைச் சேர்த்து வைப்பதுதான் இந்தப் பையின் வேலை, பை இல்லாவிட்டாலும் பித்தம் நேராகக் குடலுக்குப் போய்விடும் என்று படம் போட்டுக் காட்டினார். அதுவரை எனக்கு ஒரு குறையும் இல்லை.

எங்கள் பக்கம் இதை 'லேசர் ஆபரேஷன்' என்பார்கள். உண்மையில் லேசர் எதுவும் கிடையாது. தொப்புளிலும் மேல் வயிற்றிலுமாக நாலு சின்னத் துளை போட்டு, காஸ் செலுத்தி வயிற்றை உப்ப வைத்து, ஒரு துளை வழியாகக் கேமராவை விட்டு, டிவியில் பார்த்துக் கொண்டே செய்வது. மறுநாளே எழுந்து நடக்கலாம் என்று எல்லோரும் சொன்னதால் தைரியமாகத்தான் போனேன்.

மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது, வலது பக்கம் ஏதோ இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருந்தது. கையை வைத்துப் பார்த்தால் ஒரு குழாய்! வயிற்றுக்குள்ளிருந்து வந்து, கட்டில் ஓரம் தொங்கிய ஒரு பையில் போய் முடிந்தது. பையில் ரத்தம் கலந்த தண்ணீர். யாருமே முன்கூட்டி இதைச் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு முதலில் தோன்றியது, 'உள்ளே எதையோ தவறாக வெட்டி விட்டார்கள், என்னிடம் மறைக்கிறார்கள்' என்பதுதான். இரண்டாவதாக, 'புற்றுநோயாக இருக்குமோ?' என்று தோன்றியது. பிள்ளைகள் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது.

என் கணவர் சிஸ்டரிடம் கேட்டதற்கு, "அதெல்லாம் வழக்கமா வைக்கிறதுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் மாமியார் அதை நம்பவில்லை. "சின்ன ஆபரேஷன்னு சொல்லிட்டு ஏன் குழாய் மாட்டி வச்சிருக்காங்க? என்னமோ நடந்திருக்கு" என்று வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் அழுதார். மாலையில் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். "எப்படிம்மா இருக்கு?" என்றார். "நல்லாயிருக்கு சார்" என்றேன். அவ்வளவுதான். தொண்டை வரை வந்த கேள்வியை விழுங்கி விட்டேன். அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அந்தக் குழாயோடு பட்ட பாடு கொஞ்சமல்ல. புரண்டு படுக்க முடியாது. பாத்ரூம் போனால் பையை ஒரு கையில் தூக்கிக் கொண்டு போக வேண்டும். என் கணவர் பாவம், டிரிப்ஸ் பாட்டில் மாதிரி நினைத்து அதை உயரமாகத் தூக்கிப் பிடித்துக் கொண்டு கூட வந்தார். "ஐயய்யோ, கீழே பிடிங்க சார், அழுக்குத் தண்ணி திரும்ப உள்ளே போயிடும்" என்று ஆயாதான் கத்தினார். பை எப்போதும் குழாய் வரும் இடத்தைவிடக் கீழே இருக்க வேண்டும் என்பதையே நாங்கள் அந்த ஆயா சொல்லித்தான் தெரிந்து கொண்டோம். பார்க்க வந்த என் சின்ன மகள் ஓடி வந்து கட்டிப்பிடித்தபோது குழாய் இழுபட்டு உயிர் போய் உயிர் வந்தது. மூன்றாம் நாள் "மூச்சை நல்லா இழுங்கம்மா" என்று சொல்லி உருவி எடுத்தார்கள். அந்தத் துளை ஆறிக் காய மற்றத் துளைகளைவிட நாள் பிடித்தது.

வலியைக்கூட மறந்து விட்டேன். அந்த மூன்று ராத்திரி பட்ட பயத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

ஒன்பது மாதம் கழித்து என் நாத்தனாருக்கும் இதே ஆபரேஷன். வேறு ஊர், வேறு ஆஸ்பத்திரி, ஒரு பெண் டாக்டர். நாங்கள் போய்ப் பார்த்தால் அவளுக்குக் குழாயே இல்லை! நாலு இடத்தில் சின்னச் சின்னப் பிளாஸ்திரி. மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். சந்தோஷப்பட வேண்டியதுதானே? என் மாமியார் மறுபடியும் ஆரம்பித்து விட்டார். "மருமகளுக்குக் குழாய் வச்சுப் பார்த்துக்கிட்டாங்க. என் மகளுக்கு ஏன் வைக்கலை? காசை வாங்கிக்கிட்டு அரைகுறையா செஞ்சு அனுப்புறாங்களோ?" அன்று குழாய் இருந்ததற்கு அழுதவர், இன்று குழாய் இல்லாததற்கு அழுதார்! சிரிக்காதீர்கள் சகோதரிகளே, மனசுக்குள் நானும் அப்படித்தான் நினைத்தேன். "மதினி, எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று நாத்தனார் என் கையைப் பிடித்துக் கொண்டு கேட்டபோது, இந்த முறை வாயை மூடிக் கொண்டு இருப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

டாக்டரம்மா வந்ததும் கேட்டுவிட்டேன். கோபித்துக் கொள்வார் என்று பயந்தேன். அவரோ கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கொண்டார். "நல்ல கேள்விம்மா. ஆபரேஷன் செஞ்ச இடத்துல ரத்தமோ பித்தமோ கசிஞ்சா அது உள்ளே தேங்காம வெளியே வரணும், நமக்கும் தெரியணும், அதுக்குத்தான் குழாய். உள்ளே விட்ட காஸ் கொஞ்சம் வெளியேறட்டும்னும் சிலர் வைப்பாங்க. ஆனா சுத்தமா, சிக்கல் இல்லாம முடிஞ்ச ஆபரேஷனுக்கு அது தேவையில்லை. குழாய் இருக்குங்கறதுக்காகக் கசிவு வராம இருக்காது. சில சமயம் குழாயே அடைச்சுக்கிட்டு, உள்ளே கசிஞ்சாலும் வெளியே ஒண்ணும் வராது. அதை நம்பி இருந்தா ஏமாந்துடுவோம்" என்றார். அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை. என் மாமியார் முகம் தெளிந்து விட்டது.

என் அண்ணன் மகள் நர்சிங் படிக்கிறாள். லீவுக்கு வந்தவளிடம் இதைச் சொன்னேன். அவள் கல்லூரியில் விசாரித்து வந்து சொன்ன விஷயம் எல்லோருக்கும் தெரிய வேண்டியது. பித்தப்பையை எடுக்கும் ஆபரேஷனை முதன்முதலில் 1882-ல் பெர்லினில் லாங்கன்புக் என்ற டாக்டர் செய்தாராம். அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கு மேல் வயிற்றைப் பெரிதாகத் திறந்துதான் செய்திருக்கிறார்கள். அப்படிச் செய்யும்போது குழாய் வைப்பது பழக்கமாக இருந்தது. 1985-ல் ஜெர்மனியில் எரிக் மூஹே என்பவர் துளை வழியாகச் செய்து காட்டினார். நம் நாட்டில் 1990-ல் மும்பையில் டாக்டர் உத்வாடியா செய்தார். ஆபரேஷன் மாறியது, குழாய் வைக்கிற பழக்கம் மட்டும் பல இடங்களில் அப்படியே தொடர்ந்தது.

அந்தப் பழக்கம் தேவையா என்று டாக்டர்களே சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2013-ல், அதுவரை நடந்த 12 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. மொத்தம் 1831 நோயாளிகள். ஏறக்குறையப் பாதிப் பேருக்குக் குழாய், பாதிப் பேருக்கு இல்லை. துளை வழியாகச் செய்யும் இந்த ஆபரேஷனுக்கு எல்லோருக்கும் வழக்கமாகக் குழாய் வைப்பதால் நன்மை என்பதற்கு ஆதாரம் இல்லை என்றுதான் முடிவு வந்ததாம். குழாய் வைத்தவர்களுக்கு வலி கூடுதல் என்று வேறு ஆய்வுகளில் சொல்லியிருக்கிறார்கள்.

இதைக் கேட்டதும் எனக்கு ஆத்திரம் பொங்கியது. "அப்படின்னா எனக்கு அநாவசியமாத்தானே வச்சாங்க?" என்றேன். அவள், "அவசரப்படாதீங்க அத்தை, டிஸ்சார்ஜ் சீட்டு எங்கே?" என்று கேட்டாள். பீரோவில் ரேஷன் கார்டு, பத்திரம் எல்லாம் வைத்திருக்கும் பையில்தான் அதுவும் இருந்தது. வந்த நாளிலிருந்து பிரித்துப் பார்க்கவில்லை. எல்லாம் இங்கிலீஷ். அவள் படித்துச் சொன்னாள்: பித்தப்பை பக்கத்து உறுப்புகளோடு ஒட்டிக் கொண்டிருந்தது, பிரித்து எடுக்கும்போது கல்லீரலில் ரத்தக் கசிவு இருந்தது, அதனால் குழாய் வைக்கப்பட்டது.

எனக்குப் பேச்சே வரவில்லை. டாக்டர் சும்மா வைக்கவில்லை. காரணத்தோடுதான் வைத்திருக்கிறார். வாந்தி வரும் வரை நான் ஓமத் தண்ணீர் குடித்துக் காலத்தைக் கடத்தியதற்கும் அதில் பங்கு இருக்கலாம். அந்த மனிதரை ஒன்பது மாதமாக மனசுக்குள் திட்டியிருக்கிறேன். பதில் என் பீரோவிலேயே இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாத பாஷையில். "உள்ளே கொஞ்சம் ஒட்டியிருந்ததும்மா, ரத்தம் தேங்காம இருக்கக் குழாய் வச்சிருக்கேன், ரெண்டு மூணு நாள்ல எடுத்துடுவேன்" என்று சொல்ல அரை நிமிஷம் ஆகுமா? அந்த அரை நிமிஷம் கிடைத்திருந்தால் நானும் என் வீட்டாரும் மூன்று ராத்திரி செத்துப் பிழைத்திருக்க மாட்டோம்.

பயந்ததோடு போயிற்று என்று விட்டுவிடலாம்தான். ஆனால் இதில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும் இருக்கிறது. அதை எதிர்வீட்டு அக்கா விஷயத்தில்தான் புரிந்து கொண்டேன்.

அந்த அக்கா, மகளுக்குப் பரீட்சை முடியட்டும் என்று வலியைப் பொறுத்துக் கொண்டே இருந்து, காய்ச்சல் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். பித்தப்பை வீங்கிச் சீழ் பிடித்திருந்தது. என் கதையைக் கேட்டிருந்ததால், "குழாய் வைப்பீங்களா சார்?" என்று முன்னாலேயே அவர் மகள் கேட்டுவிட்டாள். டாக்டரும், "வீக்கம் அதிகமா இருக்கு, அநேகமா வைப்பேன். ரத்தம் கலந்த தண்ணி வந்து வரவரக் குறைஞ்சா பயமில்லை. மஞ்சளாவோ பச்சையாவோ வந்தா அது பித்தம், ராத்திரியானாலும் சொல்லணும்" என்று விளக்கியிருக்கிறார். இரண்டாம் நாள் விடியற்காலை பையில் இருந்த தண்ணீர் பச்சை கலந்த மஞ்சளாக மாறியிருப்பதை அந்தப் பெண்தான் முதலில் பார்த்து, தூங்கிக் கொண்டிருந்த சிஸ்டரை எழுப்பியிருக்கிறாள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, வாய் வழியாக எண்டோஸ்கோப்பி செய்து, பித்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். கசிவு நின்றது. இன்று அந்த அக்கா வாசலில் கோலம் போடுகிறார்.

யோசித்துப் பாருங்கள். எனக்கும் அதே குழாய்தான் இருந்தது. என் பையில் பச்சையாக வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நாங்கள் யாரும் சொல்லியிருக்க மாட்டோம். 'வழக்கமா வைக்கிறது, வழக்கமா வர்றது' என்று சும்மா இருந்திருப்போம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் வரும் சிஸ்டர் பார்த்தால்தான் உண்டு. விஷயம் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால்தான் அந்தக் குழாய்க்கு முழுப் பிரயோஜனம்.

ஆகவே என் கருத்து இதுதான். குழாய் வைக்க வேண்டுமா, வேண்டாமா என்பது டாக்டரின் முடிவு. வயிற்றுக்குள் பார்த்தவர் அவர்தான். 'எனக்குக் கட்டாயம் வைங்க' என்றோ, 'வைக்கவே கூடாது' என்றோ நாம் பிடிவாதம் பிடிப்பது தவறு. ஆனால் ஏன் வைத்தார்கள், ஏன் வைக்கவில்லை என்று தெரிந்து கொள்வது நம் உரிமை. குழாய் இருந்தால் பெரிய வைத்தியம் என்றும் இல்லை, குழாய் இல்லாவிட்டால் அலட்சியம் என்றும் இல்லை.

'படிச்ச டாக்டரை நாம கேள்வி கேட்கலாமா?' என்று என் கணவரே கேட்டார். ரவிக்கை தைக்கக் கொடுத்தால் கை நீளம் எவ்வளவு என்று பத்துத் தடவை சொல்லி விட்டு வருகிறோம். நகைக் கடையில் சேதாரம் எவ்வளவு என்று கணக்குக் கேட்கிறோம். நம் வயிற்றில் ஒரு குழாய் தொங்கும்போது மட்டும் வாயை மூடிக் கொள்ள வேண்டுமா? மரியாதையாகக் கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபித்துக் கொள்வதில்லை. டாக்டரம்மா என்னிடம் கோபிக்கவில்லை. முதல் டாக்டரிடம் நான் கேட்டிருந்தாலும் அவரும் சொல்லியிருப்பார் என்றே இப்போது நினைக்கிறேன். அவர் சொல்லாதது ஒரு தவறு, நான் கேட்காதது இன்னொரு தவறு.

பித்தப்பை ஆபரேஷனுக்குப் போகும் சகோதரிகள் இந்தக் கேள்விகளை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டு போங்கள். எனக்குக் குழாய் வைக்க வேண்டியிருக்குமா? வைத்தால் என்ன காரணம்? என்ன நிறத்தில், எவ்வளவு வந்தால் பயமில்லை, எப்படி வந்தால் உடனே சொல்ல வேண்டும்? எப்போது எடுப்பீர்கள்? வீட்டுக்குப் போன பிறகு சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது? கையெழுத்துப் போடச் சொல்லிக் காகிதத்தை நீட்டும் நேரமே இவற்றைக் கேட்கச் சரியான நேரம். நமக்குப் பேச வராவிட்டால், கூட இருக்கும் ஒருவரைக் கேட்கச் சொல்லலாம். டிஸ்சார்ஜ் சீட்டைப் பீரோவில் வைக்கும் முன் தெரிந்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

குழாய் இல்லாமல் வீட்டுக்கு வந்தவர்கள், எடுத்துவிட்டு வந்தவர்கள் எல்லோரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தோள்பட்டையில் இரண்டு மூன்று நாள் வலி இருப்பது பெரும்பாலும் உள்ளே விட்ட காஸினால் வருவது, தானே சரியாகிவிடும். ஆனால் நாளாக நாளாகக் குறைய வேண்டிய வயிற்று வலி கூடினாலோ, காய்ச்சல் குளிர் வந்தாலோ, வயிறு உப்பினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கறுத்துப் போனாலோ, துளையிலிருந்து மஞ்சள் நீர் கசிந்தாலோ, கஷாயம் வைத்துக் குடித்துப் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பித்தக் கசிவு வீட்டுக்கு வந்து சில நாள் கழித்தும் தெரிய வரலாம் என்று டாக்டரம்மா எச்சரித்தார்.

டாக்டர்களுக்கும் சிஸ்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களுக்கு ஒரு நாளில் எத்தனையோ நோயாளிகள், வேலைப் பளு தெரியும். ஆனால் கண் விழிக்கும்போது உடம்பில் புதிதாக ஒன்று தொங்கினால் எங்களுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 'வழக்கமா வைக்கிறது' என்பது பதில் ஆகாது. தமிழில் ஒரே ஒரு வாக்கியம், எங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள். அந்தப் பையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று கூட இருப்பவருக்கும் காட்டிக் கொடுங்கள்.

என் மாமியார் இப்போது தெருவில் யாருக்கு ஆபரேஷன் என்றாலும் முதல் ஆளாகப் போய், "குழாய் வச்சாங்களா? எதுக்குன்னு கேட்டீங்களா?" என்று விசாரிக்கிறார். அழுது கொண்டிருந்தவர் கேட்க ஆரம்பித்து விட்டார். எழுபது வயதில் அவரால் முடிகிறது என்றால் நம்மால் முடியாதா, சகோதரிகளே?

- ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்